அரைகுறைப் பெட்டி

பவானிபூரில் ஒரு குறுகலான சந்தின் நடுவீட்டில் குடியிருந்த அனந்தலக்ஷ்மி எதையாவது தைக்க ஆரம்பித்தால் அது அந்தச் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். துணியை விரித்துக் காட்டுவாள், நூலின் நிறம் சரியா என்று கேட்பாள், எங்கே பூ வரும், எங்கே கொடி வரும் என்று விரலால் வரைந்து சொல்வாள். கேட்கிறவர்களுக்கே கை பரபரக்கும். அவள் எதை முடித்தாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் கல்கத்தாவுக்கு வந்தவள். வரும்போதே மடியில் ஒரு கைக்குட்டை இருந்தது. ரயில் ஆடுகிற ஆட்டத்திலும் ஊசியைக் குத்திக் குத்தி அதன் மூலையில் ஒரு பூப் போட்டுக்கொண்டு வந்தாள். சாந்த்ராகாச்சி தாண்டியதும் கணவர் சந்தானம், "எல்லாத்தையும் எடுத்து வை. ஹௌரா வரப் போறது" என்றார். அப்போது பூவுக்கு நான்கு இதழ் ஆகியிருந்தது. பதினோரு வருஷம் கழித்தும் நான்கு இதழ்தான்.

கைத்திறனில் குறை சொல்ல முடியாது. எதிர்வீட்டில் பெரிய மருமகளாக இருந்த நிஸ்தாரிணி இவளைவிட ஒன்பது வயது மூத்தவள். செவ்வாய்க்கிழமைதோறும் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுக்க ஒரு மிஷன் வெள்ளைக்காரி வருவாள். அனந்தலக்ஷ்மியும் போய் உட்கார ஆரம்பித்தாள். மற்றவர்களுக்கு மிஸ் மூன்று தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியதை இவள் ஒரு தடவை பார்த்தே பிடித்துக்கொள்வாள். அடுத்த செவ்வாய்க்கிழமை புதிதாக வேறொன்று கற்றுக்கொள்ள இருக்கும். பழையது தகரப் பெட்டிக்குள் போகும்.

சந்தானம் சர்க்கார் செக்ரடேரியட்டில் குமாஸ்தா. கேலி பேசுகிற மனிதர், ஆனால் குத்திப் பேசத் தெரியாதவர். அவர்தான் அந்தத் தகரப் பெட்டிக்கு 'அரைகுறைப் பெட்டி' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. கூடவே இருந்து படித்து, கிளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய தம்பி ராஜாராமன்கூட, "மன்னி, என் சட்டைப் பித்தானை அரைகுறைப் பெட்டியில போட்டுடாதேள், திரும்பி வராது" என்பான். அனந்தலக்ஷ்மியும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு. அது நிஸ்தாரிணியோடு வந்த சண்டை.

வங்காளத்தைச் சர்க்கார் இரண்டாகப் பிரித்த கோபத்தில் ஊரே சீமைச் சாமான்களை வீதியில் போட்டு எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அனந்தலக்ஷ்மி அப்போது கணவருக்கு ஒரு கம்பளிக் கோட்டு பின்னிக்கொண்டிருந்தாள். சித்திரை பிறந்தால் வெயிலுக்குப் பயந்து ஆபீஸ் முழுவதும் சிம்லா மலைக்குப் போய்விடும். அந்தக் குளிருக்கென்று ஆரம்பித்தது. முதுகும் ஒரு முன்பக்கமும் ஒரு கையும் ஆகியிருந்தன. கையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு மற்றதை நிஸ்தாரிணி வீட்டு அலமாரியில் வைத்திருந்தாள். ஒருநாள் சந்துமுனையில் நெருப்பு மூட்டினார்கள். அதில் அந்தக் கோட்டும் போய்விட்டது.

விஷயம் தெரிந்து ஓடியபோது நிஸ்தாரிணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "தேபு எடுத்துக்கொண்டு போய்விட்டான். சின்னப் பையன்" என்றாள். தேபு அவளுடைய கொழுந்தன் மகன். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். "சீமைக் கம்பளிதானே, போனால் என்ன? உன் புருஷன் சர்க்கார் உத்தியோகம். எங்கள் வயிற்றெரிச்சல் உனக்கு எங்கே தெரியப்போகிறது?" என்று சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அனந்தலக்ஷ்மி அவளைத் தாண்டிப் படியேறினாள். நேரே உள்ளே போனாள். கூடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து தைத்துக்கொண்டிருந்த கந்தா விரித்துக் கிடந்தது. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி நெருக்க நெருக்கத் தைத்துப் போர்வையாக்குவதைத்தான் அந்த ஊரில் கந்தா என்பார்கள். "என் புடவை ரெண்டு இதுக்குள்ளே இருக்கு" என்று அதைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, பெட்டியில் அடியில் போட்டாள். ஆறு வருஷம் இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. மகள் சாவித்ரி மட்டும் நடக்கப் பழகிய நாளிலிருந்தே எதிர்வீட்டில்தான் கிடந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அவளுக்குத் தமிழைவிட வங்காளிதான் நன்றாக வந்தது.

1911 டிசம்பரில் ஒருநாள் சந்து முழுக்கச் சங்கு ஊதினார்கள். பிரித்த வங்காளத்தைச் சேர்த்துவிட்டதாக டெல்லி தர்பாரில் ராஜா அறிவித்துவிட்டார் என்று செய்தி வந்தது. எதிர்வீட்டுச் சங்கு எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலித்தது. அனந்தலக்ஷ்மிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தானம் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அதே அறிவிப்பில இன்னொண்ணும் இருக்கு. தலைநகரம் இனிமே டெல்லியாம்."

"அதனால நமக்கென்ன?"

"நமக்கென்னன்னா கேக்கறே? ஆபீஸ் அங்கே போறதுடி. வர்ற சித்திரையில சிம்லாவுக்குப் போனா, திரும்பி இங்கே இறங்க மாட்டோம். நேரா டெல்லிதான்."

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்ப்பதுபோல நின்றாள். இந்த ஊரைவிட்டுப் போவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஏப்ரலில் சந்தானம் கிளம்பினார். புரட்டாசி கடைசியில் ராஜாராமன் அவளையும் குழந்தையையும் கொண்டுவந்து டெல்லியில் விடுவது என்று ஏற்பாடு. வண்டி வாசலில் நிற்கும்போது அவர் சொன்னார்: "அங்கே ஜாகை எப்படியோ தெரியாது. கூடாரத்தில வெச்சாலும் வெப்பாளாம். சாமானைக் குறைச்சுக்கோ. அந்த அரைகுறைப் பெட்டி எதுக்கு? முடிச்சது எதாவது இருந்தா எடுத்துண்டு வா. மத்ததை யாருக்காவது குடுத்துடு."

வழக்கம்போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது உறைத்தது. முடித்தது என்று எடுத்துக்கொண்டு போக அந்தப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மத்தியானம் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தாள். நாப்தலீன் நெடியோடு பதினோரு வருஷம் தரையில் விழுந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. கேட்க லேசாக இருந்தாலும் அவள் சுபாவத்துக்கு அது பட்டினி கிடப்பதுபோல.

முதலில் கையில் எடுத்தது செருப்பு. கட்டம் கட்டமான முரட்டுத் துணியில் கம்பளி நூலால் கறுப்புப் பின்னணியும் ரோஜாப்பூவும் நிரப்பி, அதைச் செருப்பின் மேல்பாகமாக வைத்துத் தைத்துப் புருஷனுக்குக் கொடுப்பது அந்தக் காலத்தில் கல்கத்தாப் பெண்களிடையே பெரிய நாகரிகம். ஒரு கால் முழுசாக இருந்தது. மற்றது பாதி. 'நூல் தீர்ந்துபோச்சு' என்று எல்லோரிடமும் சொல்லி நிறுத்தியது அது. அதற்குள் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தால் சிவப்பு நூல் உருண்டை அப்படியே இருந்தது.

துணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரோஜா இரண்டு கட்டம் தள்ளி உட்கார்ந்து குதிகால் பக்கம் சாய்ந்திருந்தது. அடியிலேயே எண்ணிக்கை தப்பியிருந்தது. அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தப்பை அன்றைக்கே பார்த்திருந்தாள். பார்த்ததும் மடித்து உள்ளே வைத்தவள்தான்.

அடுத்ததை எடுக்கவில்லையே தவிர, புரட்டிப் பார்க்கத் தடை இல்லை. சாவித்ரிக்கு நான்கு வயதில் ஆரம்பித்த கவுனைப் பார்த்தாள். தோள்பட்டை ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தது. ஜன்னல் திரையில் நூலை உருவியெடுத்துச் செய்த வேலைப்பாட்டில் ஒரு இடத்தில் ஒரு இழை கூடுதலாக அறுந்திருந்தது. எங்கெங்கே ஊசி நின்றிருந்ததோ அங்கங்கே ஒரு பிசகு உட்கார்ந்திருந்தது. தன்னைச் சோம்பேறி என்றுதான் அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். சோம்பல் இல்லை, பிரிக்க மனம் வராததுதான் என்று அந்த மத்தியானம் புரிந்தது.

பிரித்தாள். கம்பளி துணியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் ராஜாராமன் எட்டிப் பார்த்து, "மன்னி, தைக்கறேளா, பிரிக்கறேளா?" என்றான்.

"பிரிக்கறேன்டா. கேலி பண்ணாம இந்தக் கறுப்பு நூல்ல ஒரு துண்டு எடுத்துண்டு ஹாக் மார்க்கெட்டுக்குப் போ. இதே நிறம் வேணும்."

மூன்று தடவை போய்வந்தான். மூன்றாவது தடவை அவள் கடையையே சொல்லி அனுப்பினாள். செருப்பின் மேல்பாகங்கள் இரண்டும் முடிந்து சந்துமுனைச் சீனாச் செருப்புக்காரனிடம் அடித்தோல் வைக்கப் போனபோது ராஜாராமன் கேலியை நிறுத்திவிட்டான். அண்ணாவுக்கு எழுதுகிற கடிதத்தில் இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டான். "மூச்சு விடாதே" என்றாள்.

கவுனைத் தோளில் பிரித்துச் சரிசெய்து, அது இனி சாவித்ரிக்கு ஏறாது என்பதால் வண்ணான் வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். திரையின் அறுந்த இழையை இன்னொரு இழையால் பிணைத்து மேலே நகர்ந்தாள். கோட்டின் ஒற்றைக் கையைப் பிரித்து ராஜாராமனுக்குக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்கிற குல்லாவாகப் பின்னினாள். கைக்குட்டை முறை வந்தபோது எங்கே தப்பு என்று இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பித் தேடினாள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஊர் வந்துவிட்டதால் நின்றது, அவ்வளவுதான். ஐந்தாவது இதழை ஒரு மத்தியானத்தில் போட்டு முடித்தாள். அன்று காரணமில்லாமல் பாயசம் வைத்தாள்.

ஆடி பிறந்தபோது பெட்டியில் கந்தா மட்டும் இருந்தது.

விரித்துப் பார்த்தாள். மேலேயும் கீழேயும் நிஸ்தாரிணியின் வெள்ளைப் புடவைகள். நடுவில் இவளுடைய பழைய கூறைநாட்டுப் புடவைகள் இரண்டு. வெள்ளை நைந்து மெலிந்திருந்ததால் உள்ளேயிருந்த அரக்குச் சிவப்பு வெளியே லேசாகத் தெரிந்தது. இந்த ஓரத்திலிருந்து இவளும் அந்த ஓரத்திலிருந்து நிஸ்தாரிணியும் தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவே ஒன்றரை முழம் தைக்காமல் கிடந்தது.

தானே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். நிஸ்தாரிணியின் தையல் சீரகச் சம்பா அரிசியை வரிசையாக அடுக்கினதுபோல இருக்கும். இவளுடையது கொஞ்சம் நீளம். நிஸ்தாரிணி நிறுத்திய இடத்திலிருந்து அவளைப்போலவே தைத்துப் பார்த்தாள். நாலு விரல்கடை தைத்ததும் போலி என்று பளிச்சென்று தெரிந்தது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடி பிரித்தாள். மூன்றாம் நாள் துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்தாள். எட்டடிச் சந்துதான். மழைத் தண்ணீர் கணுக்கால்வரை நின்றது.

நிஸ்தாரிணி தாழ்வாரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இவளையும் கையிலிருந்ததையும் பார்த்தாள். அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உட்கார், மத்ராஸி பௌ" என்றாள். மதராஸ் மருமகள் என்று அர்த்தம். முன்னெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர்கள் இருவரும் எப்போதும் வங்காளியில்தான் பேசிக்கொள்வார்கள். இவள் அவளை அக்கா என்கிற அர்த்தத்தில் 'தீதி' என்பாள். "தீதி, நான் புரட்டாசியில் டெல்லிக்குப் போறேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "இது முடியலை. என்னால தனியா முடியாது."

"சாவித்ரி சொன்னாள், நீ போறேன்னு. எல்லாத்தையும் முடிக்கிறாயாம். வண்ணான் குழந்தை கவுனையும் பார்த்தேன்." நிஸ்தாரிணி கந்தாவை வாங்கி மடியில் விரித்து, தன் பக்கத்துத் தையலை விரலால் தடவினாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அன்றைக்குக் கோட்டை எடுத்தது தேபு இல்லை. நான்தான் கொடுத்தேன்."

அனந்தலக்ஷ்மி கந்தாவிலிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வீடு வந்து கேட்டார்கள். பெரிய மருமகள் வெறுங்கையோடு நிற்க முடியுமா? என்னிடம் இருந்த சீமைச் சாமான் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக்கொடுத்த சரிகைப் பட்டு ஜாக்கெட். அதைப் போட எனக்கு மனசு வரவில்லை. அலமாரியைத் திறந்தேன், உன் கோட்டு இருந்தது. எடுத்து நீட்டிவிட்டேன். நீ வந்து கேட்டதும் பயந்து பையன் பேரைச் சொன்னேன். பயத்தை மறைக்கத்தான் அந்த வார்த்தையையும் சொன்னேன்."

"அந்த ஜாக்கெட் இருக்கா?"

"பெட்டியில் இருக்கு. ஆறு வருஷமா ஒரு தடவைகூடப் போட்டுக்கொள்ளவில்லை."

அனந்தலக்ஷ்மிக்குக் கோபம் வந்தது. எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மழையைப் பார்த்து நின்றாள். தேபு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள், ஆறு வருஷம். அந்தக் கோட்டைப் பற்றி எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முடித்திருப்பேன் என்று. அங்கேதான் அவள் யோசனை தடுக்கி நின்றது. பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் மூன்று மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்ணுக்கு இப்போது அந்தக் கோட்டும் தெரிந்தது.

"தீதி" என்றாள் திரும்பி. "அந்தக் கோட்டு சரியா வரலை. முன்பக்கம் முதுகைவிட மூணு விரல் குறைச்சல். எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் அதை ஒரு மாசமா தொடாம உங்க அலமாரியில வெச்சிருந்தேன். எரியாம இருந்தாலும் அது முடிஞ்சிருக்காது."

நிஸ்தாரிணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று இவள் பக்கத்தில் போனாள். அவள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து சின்ன மருமகள்கள் ஓடிவந்து, ஆறு வருஷம் பேசாதவர்கள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்து விழித்தார்கள்.

மறுநாள் வாசலில் தேபுவைக் கண்டதும் அனந்தலக்ஷ்மி நிறுத்தி, "உன்மேல தப்பில்லாம கோபமா இருந்துட்டேன்" என்றாள். பதினேழு வயது ஆகி மீசை அரும்பியிருந்த அவன், எந்தக் கோபம், எதற்கு என்றே தெரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அந்த மழைக்காலம் முழுவதும் மத்தியானங்களில் கந்தா எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் விரிந்து கிடந்தது. புடவைக் கரையிலிருந்து நூலை உருவி உருவித் தைத்தார்கள். அனந்தலக்ஷ்மி அவ்வப்போது எழுந்து மற்ற பெண்கள் கொண்டுவந்ததையும் பார்த்தாள். பெட்டியைக் காலி செய்த கதை பரவி, இரண்டு சின்ன மருமகள்களும் பக்கத்து வீட்டு வக்கீல் மனைவியும் தங்கள் தங்கள் மூட்டைகளை அவிழ்த்திருந்தார்கள். அவள் வாங்கிப் பார்த்து, "இதோ, இந்த இடத்தில்தானே விட்டாய்?" என்று விரலை வைப்பாள். வக்கீல் மனைவி முகம் சிவந்துபோய்ப் பிரிக்க உட்காருவாள்.

கடைசியில் நடுவில் இரண்டு பேருடைய வரிசைகளும் சந்திக்க வேண்டிய இடம் வந்தது. சந்திக்கவில்லை. இவளுடைய வரிசைகள் அரை விரல் மேலே ஏறியிருந்தன.

"ஒரு தாமரை போட்டு மறைச்சுடலாம்" என்றாள் நிஸ்தாரிணி.

"வேண்டாம் தீதி. என் பக்கம்தான் கோணல். பிரிக்கறேன்."

"ஒரு முழமா? நாள் இருக்கிறதா உனக்கு?"

"பத்து நாள் இருக்கு."

எட்டு நாளில் பிரித்துத் தைத்தாள். கண் எரிந்தது, கட்டைவிரல் வீங்கியது. ஒன்பதாம் நாள் வரிசைகள் ஒன்றையொன்று தொட்டன. கடைசி முடிச்சை நீ போடு, நீ போடு என்று இருவரும் ஊசியை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த சாவித்ரி, பொறுமை போய்த் தானே வாங்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

யாருக்கு என்ற பேச்சு அப்புறம் வந்தது. "உங்க புடவைதானே மேலேயும் கீழேயும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"நடுவில் இருப்பது உன்னுடையது. நடுவில் இருப்பதுதான் குளிரைத் தாங்கும். டெல்லிக்கு எடுத்துக்கொண்டு போ" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள் நிஸ்தாரிணி.

துர்க்கா பூஜை முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினார்கள். ராஜாராமன் சாமான்களோடு முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். வண்டி புறப்படும்போது நிஸ்தாரிணி வீட்டு வாசல் சாத்தியிருந்தது. விடைபெற மனம் வராமல் உள்ளே இருக்கிறாள் என்று அனந்தலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். ஹௌரா பிளாட்பாரத்தில் போய் இறங்கினால், தேபு பக்கத்தில் நிற்க, முக்காட்டைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நிஸ்தாரிணி நின்றிருந்தாள். முக்காட்டுக்குக் கீழே சரிகைப் பட்டு ஜாக்கெட் தெரிந்தது.

"மூடு வண்டியில் வந்தேன். பாலத்தில் வரும்போது ஒரு தடவை திறந்து பார்த்தேன். கங்கை எவ்வளவு அகலம்!" என்றாள். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஆற்றைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேசவேண்டியதெல்லாம் மழைக்காலத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். மணி அடித்தது. சாவித்ரி ஜன்னலிலிருந்து, "மா, சீக்கிரம் ஏறு" என்று கத்தினாள்.

"டெல்லி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் நிஸ்தாரிணி.

அனந்தலக்ஷ்மிக்குத் தெரியவில்லை. ராஜாராமனைக் கேட்டாள். அவன் தண்டவாளம் வளைந்து போகிற திசையில் கையை நீட்டினான். சிக்னல் கம்பத்தைத் தாண்டி அங்கே புகைதான் தெரிந்தது. இரண்டு பெண்களும் சிறிது நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.